ஒரு துண்டு கரியின் கணக்கு

(வட்டார வள மையம் ஒன்றில் அறிவியல், சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர்களுக்கு நடைபெற்ற பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்குப் பிறகான முதல் அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு ஐந்தாவது பாடவேளை எடுப்பவர்களுக்கு என் நிலைமை புரியும். தூக்கம் கலைய ஒரு பொருள் கொண்டுவந்திருக்கிறேன். இது ஒரு துண்டு கரி. எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் மூட்டம் போட்டு எடுத்த சீமைக்கருவேலங்கரி. முதல் வரிசையிலிருந்து அப்படியே கைமாற்றிக்கொண்டு போங்கள். கையில் ஒட்டும், பரவாயில்லை.

எனக்குத் தந்த தலைப்பு: காடுகளிலும் மண்ணிலும் கார்பனைச் சேமிப்பதன் சமூக, பொருளாதார விளைவுகள். அறிவியல் ஆசிரியர்கள் முதல் பாதியையும் சமூக அறிவியல் ஆசிரியர்கள் இரண்டாம் பாதியையும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் நீண்ட நாள் நினைத்திருந்தேன். அப்படிப் பிரித்ததில் நான் செய்த ஒரு தவறும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் இந்தக் கரித்துண்டின் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். ஒரு டன் காய்ந்த விறகு என்றால் 500 கிலோ கார்பன். அவ்வளவும் காற்றிலிருந்து இலை வழியாக வந்தது. மண்ணிலிருந்து வந்தது என்று இன்னமும் விடைத்தாளில் எழுதும் பிள்ளைகள் உண்டு. அந்த ஒரு டன் விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி, மூட்டம் போட்டு எரித்தால் கிடைக்கும் கரி 200 கிலோ, நன்றாக வந்தால் 250. கரியில் முக்கால் பங்குக்கு மேல் கார்பன். 200 கிலோ கரி என்றே வைத்துக்கொண்டால் அதில் 160 கிலோ கார்பன். மீதி 340 கிலோ எங்கே? மூட்டத்தின் புகையில் போய்விட்டது. 1 கிலோ கார்பன் காற்றோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடானால் 3.67 கிலோ. 44-ஐ 12-ஆல் வகுக்கச் சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் மூட்டம் போடுகிறவர் குற்றவாளி, மரத்தை விட்டுவைத்தவர் நல்லவர். நானும் அப்படித்தான் தீர்ப்பு எழுதினேன். அதிலும் ஒரு வேடிக்கை. 2017-இல் நான் இதே மரத்தை வெட்டவேண்டும் என்று மேடையேறிப் பேசியவள்.

அந்த ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். கடும் வறட்சி. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டது. மாவட்டமே களத்தில் இறங்கியது. வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் நாங்கள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசித்தோம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் மரம், மழையைத் தடுக்கும் மரம், ஆக்சிஜனே விடாத மரம். பச்சையம் உள்ள இலை ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் விடாதாம்! இதை அறிவியல் ஆசிரியை நான் ஒலிபெருக்கியில் வாசித்தேன். அந்த மரத்தின் மேல் சொல்லவேண்டிய உண்மையான குறைகள் நிறையவே உண்டு. வேர் ஆழமாகப் போகும், கண்மாயின் கொள்ளளவைக் கெடுக்கும், வரத்துக் கால்வாயை அடைக்கும், தன் நிழலில் மற்றச் செடிகளை வரவிடாது. அவற்றைச் சொல்லியிருந்தாலே போதும். பொய் தேவையே இல்லை.

பள்ளியின் பசுமைப் படை மாணவர்களை அழைத்துக்கொண்டு கண்மாய்க்குள் சின்னக் கன்றுகளைப் பிடுங்கப் போனோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் கரையிலேயே நின்றாள். முள்ளுக்குப் பயந்து நிற்கிறாள் என்று நினைத்து அதட்டினேன். அவள் சொன்னாள்: "இதப் பூராம் பிடுங்கிட்டா எங்கம்மா எந்த வேலைக்கு டீச்சர் போகும்?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நாட்டுக்கு நல்லது நடக்கும்போது இப்படியெல்லாம் பேசக்கூடாது." சரியாக இதே வார்த்தைகள். எனக்கு மறக்கவில்லை.

சில வாரங்களில் ஜேசிபி வந்தது. கண்மாய் சுத்தமானது, பார்க்க நன்றாகவே இருந்தது. அரையாண்டு கடந்து ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டதாகத் தோழிகள் சொன்னார்கள். எந்த ஊர்ச் சூளை என்று யாருக்கும் தெரியவில்லை. இஎம்ஐஎஸ்ஸில் அவள் பெயரைக் காமன் பூலுக்கு அனுப்பினோம். அடுத்த ஆண்டு முழுவதும், வேறு ஏதாவது பள்ளி அவளை எடுத்துக்கொண்டதா என்று அவ்வப்போது அந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பேன். எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் அதே உயர்நீதிமன்றத்தின் முதல் அமர்வு அகற்றும் பணிக்கு இடைக்காலத் தடை விதித்ததும், வல்லுநர்களைக் கேட்க வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் செய்தித்தாளில் வந்தன. 2022-இல் அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. நான் சொல்ல வந்தது வழக்கைப் பற்றி அல்ல. அந்தப் பெண் கேட்ட கேள்விதான் இன்று எனக்குத் தந்த தலைப்பு. அவள் ஒரே வரியில் கேட்டதை நான் நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதன்பின் கோடை விடுமுறையில் இரண்டு மூன்று மூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மழை ஏமாற்றி, நெல்லும் மிளகாயும் கட்டுப்படியாகாமல், பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போன பிறகு நிலம் தரிசாகிறது. தரிசில் கருவை தானாக முளைக்கிறது. அதன் நெற்றை ஆடு தின்னும், விதை புழுக்கையோடு விழும். விதைக்கும் கூலி இல்லை, தண்ணீர் பாய்ச்சும் வேலையும் இல்லை. மூன்று நான்கு வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும். நிலக்காரர் ஊரிலேயே இல்லாவிட்டாலும் வியாபாரி ஒரு தொகை பேசி மரத்தை வாங்கிக்கொள்வார். வெட்டுகிற குடும்பத்துக்குச் சொந்த நிலம் இருக்காது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும். அதைக் கழிக்க வெட்டும். முள் குத்திய கால், புகை குடித்த நெஞ்சு. மூட்டத்தில் தீ வெளியே எட்டிப்பார்க்காமல் இரவெல்லாம் விழித்துக் காக்கவேண்டும். ஓர் இடத்தில் மண் உள்வாங்கினால் உள்ளே இருப்பதெல்லாம் சாம்பல். "மழை பேஞ்சா வயக்காடு, பேயாட்டி கருவக்காடு. இந்த ரெண்டும் இல்லாட்டி ஊர விட்டுப் போகணும் டீச்சர்" என்று ஓர் அம்மா சொன்னார்.

கார்பன் கணக்கில் இதை எங்கே வைப்பீர்கள்? தூரை விட்டு வெட்டினால் அதே தூரிலிருந்து மறுபடி தழைக்கும். புகையாகப் போன கார்பனை அடுத்த மூன்று நான்கு வருடத்தில் புதுத் தழை திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆக அது நிரந்தரச் சேமிப்பும் இல்லை, முழு நட்டமும் இல்லை. வட்டி வரவர எடுத்துச் செலவு செய்யும் சேமிப்புக் கணக்கு மாதிரி. "வெட்டாதே, அப்படியே நிற்கட்டும், கார்பன் சேமிக்கும்" என்று ஒருவர் சொன்னால் அந்தக் குடும்பத்தின் வருமானம் நிற்கும். "வேரோடு பிடுங்கு" என்று வேறொருவர் சொன்னாலும் அதே குடும்பத்தின் வருமானம்தான் நிற்கும். இரண்டு கட்சியும் அவர்களைக் கேட்கவில்லை. நிலக்காரருக்கு இரண்டிலும் ஏதோ ஒன்று தேறும். மரத்துக்கு நட்டஈடு வந்தால் அவருக்கு, நிலம் சுத்தமானால் அதுவும் அவருக்கு.

மரம் நடுவதிலும் இந்தக் கணக்கு உண்டு. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் நாட்டுக்கருவேலம் நட்டார்கள். சமூகக் காடு வளர்ப்புத் திட்டம். சுவீடன் நாட்டு உதவியோடு 1981-வாக்கில் தமிழ்நாட்டில் தொடங்கியது. வறண்ட மாவட்டங்களின் எத்தனையோ கண்மாய்களில் இன்று நிற்கும் கருவேலத் தோப்புகள் அந்தத் திட்டம் தந்தவை. விறகுப் பஞ்சம் தீர்ந்தது, பறவைகள் வந்தன, ஏலத்தில் ஊராட்சிக்குக் காசு வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் கன்று தலையெடுக்கும்வரை சில வருடங்கள் கண்மாய்க்குள் ஆடு மாடு இறங்கக்கூடாது என்றார்கள். காவல் போட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டு மாடு. வைக்கோல் இருந்தது, சமாளித்தோம். பக்கத்துத் தெருவில் ஆடு மட்டுமே வைத்திருந்தவர்கள் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றார்கள். மரம் வளர்ந்து ஏலம் போனபோது அந்தக் காசில் ஊருணிக்குப் படிக்கட்டு கட்டினார்கள். ஆடு விற்றவருக்கும் விற்காதவருக்கும் அது ஒரே படிக்கட்டு.

இங்கேதான் மண் வருகிறது. கீதாரிகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களுக்கு வருவார்கள். இரவில் வயலில் கிடை போடுவார்கள். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நெல்லோ பணமோ நிலக்காரர் கொடுப்பார். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் சேரும். எங்கள் அப்பா கிடை போட்ட வருடம் வேறு எருவே வாங்கமாட்டார். மேய்ச்சல் நிலம் ஒன்றொன்றாக அடைபட்டபோது கிடையும் குறைந்தது. அடைத்தது மரக்கன்றுக்கான வேலி மட்டும் அல்ல. வீட்டுமனை, ஆக்கிரமிப்பு, கருவைப் புதர் எல்லாமும்தான். ஆனால் கண்மாயில் மரத்துக்குள் கார்பன் ஏறிய அதே காலத்தில் வயல் மண்ணிலிருந்து கார்பன் இறங்கிக்கொண்டிருந்தது என்பதை நாங்கள் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மண்ணைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். உலக மண்ணில் மேல் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் கரிமக் கார்பன், வளிமண்டலத்தில் இருக்கும் கார்பனைவிட அதிகம். எல்லா மரம், செடி, கொடிகளிலும் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அதனால்தான் 2015-இல் பாரிஸ் மாநாட்டின்போது, மண்ணின் கார்பனை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு நான்கு பங்கு கூட்டுவோம் என்று ஒரு முயற்சியை பிரான்ஸ் தொடங்கிவைத்தது.

எங்கள் அப்பாவின் நிலத்துக்கு மண்வள அட்டை வாங்கினேன். கரிமக் கார்பன் 0.38 விழுக்காடு. 0.5-க்குக் கீழே என்றால் குறைவு என்று அட்டையிலேயே போட்டிருக்கும். பத்தாம் வகுப்பில் 38 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சியாவது உண்டு என்றார் அப்பா. நான் அதை 0.48 ஆக்கிக் காட்டுகிறேன் என்று கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடை ஏறத்தாழ 900 டன். 0.1 விழுக்காடு கூடினால் 0.9 டன் கார்பன். கார்பன் டை ஆக்சைடாகச் சொன்னால் 3.3 டன். ஒரு டன்னுக்கு 500 ரூபாய் யாரோ தருவதாக வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் வைத்த விலை. 1,650 ரூபாய். ஒரு வருடத்துக்கு இல்லை. நம் வெயிலில் மக்கு வேகமாகச் சிதைந்துவிடும், 0.1 விழுக்காடு ஏறுவதற்குப் பல வருடம் எருவும் தழையும் விடாமல் போடவேண்டும். நடுவில் இரண்டு வருடம் விட்டால் ஏறியது இறங்கும். மண்ணை எடுத்துச் சோதிக்க ஆகும் செலவு, இடையில் நிற்கும் நிறுவனத்தின் பங்கு எல்லாம் போக இரண்டு ஏக்கர்க்காரர் கையில் என்ன மிஞ்சும்? கார்பனை விற்று சிறு விவசாயி பணக்காரராவார் என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கணக்கைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன்.

ஆனால் அந்த 0.1 விழுக்காட்டால் வேறு ஒரு வருமானம் உண்டு. மக்கு உள்ள மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மானாவாரியில் கதிர் விடும் நேரத்தில் ஒரு மழை தவறினால், ஈரம் நான்கு நாள் கூடுதலாக நின்ற வயல் பிழைத்துக்கொள்ளும். உரச்செலவு குறையும். கிடை போட்டால் கீதாரிக்குக் கூலி. கண்மாயில் வண்டல் அள்ளிப் போட்டால் கண்மாயும் ஆழமாகும், வயலும் தேறும். இவை எதற்கும் சான்றிதழ் வேண்டாம். அதனால் மண்ணைப் பொறுத்தவரை என் கட்சி இதுதான்: பயிருக்காகவும் தண்ணீருக்காகவும் செய்வோம், கார்பன் கூடவே வரட்டும். சிக்கல் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எரு போட்டு மண்ணைத் தேற்றுவது குத்தகைக்காரர் என்றால், தேறிய மண்ணைப் பார்த்து அடுத்த வருடம் குத்தகை ஏறும். எங்கள் ஊரில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அவர் இப்போது எரு போடுவதில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊர்க் கதைதான் என்று நினைக்கவேண்டாம். கோஸ்டாரிகா என்ற சின்ன நாட்டில் 1996-இல் ஒரு வனச்சட்டம் கொண்டுவந்தார்கள். பெட்ரோல், டீசல் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் நிலக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். எரிபொருள் எரிப்பவர் காட்டுக்காரருக்குக் காசு தருகிறார். நல்ல ஏற்பாடு, உலகமே மெச்சியது. ஆனால் தொடக்கத்தில் பட்டா கையில் இருந்தவருக்குத்தான் பணம். பெரிய நிலக்காரர்களுக்கு எளிதாகக் கிடைத்தது. பட்டா இல்லாத சிறு குடியானவர்கள் வெளியே நின்றார்கள். பிறகுதான் விதிகளைத் தளர்த்தினார்கள். நம் நாட்டிலும் காட்டில் தலைமுறைகளாக வாழ்பவர்களின் உரிமையை எழுத்தில் ஏற்றுக்கொள்ள 2006-இல் வன உரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இதெல்லாம் இப்போது ஏன் அவசரம்? கூடுதல் காடுகளாலும் மரங்களாலும் 2030-க்குள் 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகச் சேமிப்போம் என்று இந்தியா உலகுக்கு உறுதி கூறியிருக்கிறது. தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தப் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் நடக்கிறது. கன்றுகள் நம் பள்ளிகளுக்கும் வரும். நட நமக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவை எங்கோ ஓர் இடத்தில்தான் நடப்படும். "சும்மா கிடக்கும் நிலம்" என்று ஊரில் எதைக் காட்டினாலும், அங்கே யாரோ ஒருவரின் ஆடு மேய்ந்திருக்கும், யாரோ ஒருத்தி சுள்ளி பொறுக்கியிருப்பாள்.

வகுப்பில் இப்போது நான் செய்வது ஒன்றே ஒன்று. மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் நூல் பிடித்து அளக்கும் செயல்பாடு நாம் எல்லோரும் செய்வதுதான். அந்த அட்டவணையில் மரத்தின் பெயர், சுற்றளவு, உயரம் என்ற பத்திகளுக்குப் பிறகு இரண்டு பத்தி சேர்த்தேன். இது யாருடைய நிலம்? இதனால் யார் பிழைக்கிறார்? பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதி வரவேண்டும். முதல் வருடம் ஒரு பையன் தன் வீட்டு வேப்பமரத்துக்கு எழுதியிருந்தான்: "நிலம் எங்கள் தாத்தாவுடையது. இந்த மரத்தால் இப்போது யாரும் பிழைக்கவில்லை. அக்கா கல்யாணத்துக்கு வெட்டுவோம்."

இருபது முப்பது வருடம் மரத்தை வெட்டமாட்டேன் என்று விவசாயிகளிடம் கையெழுத்து வாங்கும் கார்பன் திட்டங்கள் உலகில் பல இருக்கின்றன. அந்தக் கையெழுத்தைக் கேட்பவர் அக்கா கல்யாணத்துக்கு வேறு வழி சொல்லவேண்டுமா, இல்லையா? இந்தக் கேள்வியை ஒன்பதாம் வகுப்பில் விவாதமாக வைத்தேன். ஒரு பாடவேளை போதவில்லை. வங்கிக்கடன் தரலாம் என்றான் ஒருவன். கல்யாணத்தையே சிக்கனமாக வைக்கலாம் என்றாள் ஒருத்தி. கைதட்டல் அவளுக்குத்தான் கிடைத்தது. மரத்தின் சொந்தக்காரப் பையன் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

போன ஆண்டு பள்ளிக்கு நூறு கன்றுகள் வந்தன. கண்மாய்க்கரையில் எதை, எங்கே நடலாம் என்று கேட்க மூன்று பேரை வரவழைத்தோம். ஆடு வைத்திருக்கும் ஒரு பாட்டி, மூட்டம் போடும் ஓர் அம்மா, ஊராட்சி மன்ற உறுப்பினர். பாட்டி ஆடு இறங்கும் பாதையைக் கோல் வைத்துக் காட்டினார். அதை விட்டு நட்டோம். மூட்டக்கார அம்மா பூவரசு கேட்டார். வளர்ந்த பிறகு வெட்டலாமா என்றும் கேட்டார். உறுப்பினர் தலைமையாசிரியரைப் பார்த்தார், தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். கிளையை வெட்டிக்கொள்ளலாம், அடிமரம் நிற்கவேண்டும், ஊராட்சித் தீர்மானத்தில் எழுதிக்கொள்வோம் என்று முடிவானது. தீர்மானம் இன்னும் எழுதப்படவில்லை. கன்றுகளில் அறுபத்து மூன்று உயிரோடு இருக்கின்றன. பாதையை ஒட்டி நட்டவற்றில் ஆடு கடித்தது நான்குதான்.

தேநீர் வந்துவிட்டது என்று கருத்தாளர் சைகை காட்டுகிறார். கேள்விகளை அங்கே வைத்துக்கொள்ளலாம். கை கழுவும் குழாய் தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. அந்தக் கரித்துண்டு யாரிடம் இருக்கிறதோ, தயவுசெய்து திருப்பித் தந்துவிடுங்கள். நாளை எட்டாம் வகுப்புக்கு வேண்டும்.